முதல் டிஸ்க்கைக் கழற்றினால் சேர்வர் எழும்பவே இல்லை (ரெய்ட் 1, உபுண்டு சேர்வர் 22.04)

நெகட்டிவ்_பெட்டி, இரவு 10.20

வணக்கம். இங்கே நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டி, இனி யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் திருகோணமலை டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். நெகட்டிவ் எல்லாம் மேல்மாடியில் தகரப் பெட்டிகளில் இருந்ததால் தப்பின. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிலாவெளி, குச்சவெளி, மூதூர்ப் பக்கமிருந்து சனம் வந்து, "எங்கட கலியாணப் படம் ஒன்றாவது கிடக்குதா" என்று கேட்கத் தொடங்கியது, இன்றுவரை யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆல்பம், வீடு எல்லாம் கடலோடு போன ஆட்கள். அப்பாவுக்கு இப்போது கண் தெரிவது குறைவு, அதனால் நானும் தம்பியும் அந்த நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வருகிறோம். இதுவரை 1.3 டெராபைட் வந்திருக்கிறது. அதை வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க் போன மாதம் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்க, அன்றிரவு முழுக்க விழித்திருந்து வேறொன்றுக்கு மாற்றினோம். ஒரு ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை, அதை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். அப்போதுதான் இனி ஒரே டிஸ்க்கை நம்புவதில்லை என்று முடிவெடுத்து, பழைய டவர் ஒன்றில் 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டு ரெய்ட் 1, அதாவது ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் மிரர், செய்ய வெளிக்கிட்டேன்.

முதல் தடவை பயோஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) டிஸ்க்குகள் இணையும் சாட்டா மோடை ரெய்ட் என்று மாற்றி, அங்கேயே மிரர் உருவாக்கினேன். உபுண்டு நிறுவியில் எம்டி126, எம்டி127 என்று விளங்காத இரண்டு பெயர் வந்தது, துணிந்து ஒன்றைத் தெரிவுசெய்து போட்டேன், எல்லாம் ஓடி முடிந்து கடைசியில் பூட்லோடர் (சிஸ்டத்தை எழுப்பும் நிரல்) போடும் இடத்தில் பிழை காட்டி நின்றுவிட்டது.

இரண்டாம் தடவை பயோஸில் ரெய்ட் இல்லாத சாதாரண முறையான ஏஹெச்சிஐக்கு மாற்றி, பழைய மிரரை அழித்து, நிறுவியிலேயே மென்பொருள் ரெய்ட் செய்தேன். முதல் டிஸ்க்கை பூட் டிஸ்க்காகக் குறித்தேன், அது தானாக 1 ஜிபி அளவில் ஒரு சிறு பிரிவை உண்டாக்கிக்கொண்டது. இரண்டாம் டிஸ்க்கில் அதே அளவு இடத்தை வெறுமையாக விட்டு, மீதியை முதல் டிஸ்க்கின் மீதியோடு சேர்த்து எம்டி0 என்ற ஒரே மிரர் ஆக்கினேன். இந்த முறை பிழை எதுவும் வரவில்லை. இரவு முழுக்க இரண்டையும் சமப்படுத்த விட்டேன், ஏழெட்டு மணித்தியாலம் எடுத்தது, காலையில் மிரரின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் இரண்டு யூவும் (ஒவ்வொரு டிஸ்க்கும் சரி என்பதற்கு ஒரு யூ) பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தன. அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் சோதிப்போம் என்று மெஷினை நிறுத்திவிட்டு முதல் டிஸ்க்கின் வயரைக் கழற்றிப் போட்டேன். கறுப்புத் திரை, பூட் செய்ய எதுவும் இல்லை என்ற ஒரே வரி. திரும்பப் பொருத்தி, இரண்டாவதைக் கழற்றிப் போட்டால் நன்றாக எழும்புகிறது. அப்படியென்றால் இரண்டாம் டிஸ்க் பழுதா? இல்லை, மிரர் என்று காட்டுவது பொய்யா? பயோஸ் ரெய்டுக்கே திரும்பிப் போவதா? படங்களை இன்னும் ஏற்றவில்லை. இதற்கு ஒரு முடிவு தெரியாமல் ஏற்ற மனமும் வரவில்லை.


கிண்ணியா_இறங்குதுறை, இரவு 11.05

தங்கச்சி, முதலில் ஒன்று: படத்தை ஏற்றுவதற்கு முன் வயரைக் கழற்றிப் பார்த்தீர்களே, அதுதான் சரியான வேலை. ரெய்ட் போடுகிற பத்துப் பேரில் இதைச் செய்கிறவர்களைக் காண்பதே அரிது. டிஸ்க் பழுது இல்லை. மிரரும் உண்மையாகவே வேலை செய்கிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

மிரர் ஆனது எம்டி0க்குள் இருப்பது மட்டும்தான். அந்த 1 ஜிபி சிறு பிரிவு இருக்கிறதே, ஈஎஃப்ஐ பிரிவு என்பார்கள், அது எம்டி0க்கு வெளியே, முதல் டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது. மெஷினைப் போட்டவுடன் மதர்போர்டில் இருக்கும் யூஈஎஃப்ஐ (இன்றைய பயோஸ்) தேடுவது அந்தப் பிரிவைத்தான். அதற்கு ஃபேட்32 என்ற எளிய கோப்பு முறையை வாசிக்கத் தெரியும், லினக்ஸின் ரெய்ட் என்றால் என்னவென்று தெரியாது. லினக்ஸ் எழும்பிய பிறகுதான் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து ஒன்றாகப் பார்க்கிற ஆளே வருகிறார். லினக்ஸை எழுப்புகிற க்ரப் இருக்கும் இடமோ முதல் டிஸ்க்கில் மட்டும். பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவில் வளர்ந்த எங்களுக்கு இது கெதியாக விளங்கும்: கரையில் எவ்வளவு சாமான் அடுக்கியிருந்தாலும் பாதை என்கிற படகு வந்து அணைய ஒரு துறை வேண்டும். உங்கள் இரண்டாம் டிஸ்க்கில் சாமான் அத்தனையும் இருக்கிறது, துறை இல்லை.

சரி, செய்ய வேண்டியது. உங்களிடம் இரண்டு வழி இருக்கிறது. இன்னும் படம் ஏற்றவில்லை என்பதால் திரும்பப் போடுவதுதான் நல்லது என்பேன், அரை மணித்தியால வேலை. நிறுவியில் டிஸ்க் பக்கத்துக்கு வந்ததும் இரண்டு டிஸ்க்கையும் முழுதாக வெறுமையாக்குங்கள். முதல் டிஸ்க்கின் மேல் என்டர் தட்டினால் 'பூட் சாதனமாகப் பயன்படுத்து' என்று வரும், அதைக் கொடுங்கள். பிறகு இரண்டாவதன் மேல் தட்டினால் 'இன்னொரு பூட் சாதனமாகச் சேர்' என்று வரும். நீங்கள் விட்டது இந்த ஒரு வரியைத்தான். அதைக் கொடுத்தால் இரண்டிலும் ஈஎஃப்ஐ பிரிவு உண்டாகும். மீதி இடத்தில் இரண்டிலும் ஒவ்வொரு பிரிவு, ஃபார்மட் எதுவும் கொடுக்காமல் அப்படியே விடுங்கள். பிறகு மென்பொருள் ரெய்ட் உருவாக்கு என்பதில் அந்த இரண்டு பிரிவுகளையும் தெரிவுசெய்யுங்கள், டிஸ்க்குகளை அல்ல. எம்டி0 வந்ததும் அதன் மேல் இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறை, மவுண்ட் செய்வது (இணைப்பது) ரூட்டில், அதாவது சிஸ்டத்தின் அடி ஃபோல்டரில்.

திரும்பப் போட மனமில்லை என்றால் மற்ற வழி. இரண்டாம் டிஸ்க்கில் வெறுமையாக விட்ட அந்த 1 ஜிபியில் பிரிவு ஒன்று உண்டாக்கி, வகையை ஈஎஃப்ஐ சிஸ்டம் என்று மாற்றி, ஃபேட்32ஆக ஃபார்மட் செய்யுங்கள். பிறகு டிபிகேஜி ரீகான்ஃபிகர் கட்டளையை க்ரப் ஈஎஃப்ஐ பொதிக்குக் கொடுத்தால், எந்தெந்தப் பிரிவில் க்ரப் போட வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும், ஸ்பேஸ் தட்டி இரண்டையும் குறியுங்கள். உபுண்டு 20.04இலிருந்து இந்த வசதி இருக்கிறது. அதன் பிறகு க்ரப் அப்டேட் வரும்போதெல்லாம் இரண்டு இடத்திலும் தானாகவே எழுதிக்கொள்ளும்.

பயோஸ் ரெய்டைப் பற்றி: நீங்கள் பார்த்த எம்டி127 என்பது இன்டெல் மிரரின் வெளிக்கூடு, எம்டி126 உள்ளே இருக்கும் உண்மையான மிரர். அதில் கணக்குப் பார்ப்பதும் கடைசியில் லினக்ஸின் எம்டி என்ற மென்பொருள் ரெய்ட்தான், போர்டில் தனியாக ஒரு ரெய்ட் சில்லு இருந்து செய்வதில்லை. லினக்ஸ் மட்டும் ஓடும் மெஷினுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. மென்பொருள் ரெய்ட் என்றால் நாளைக்கு போர்ட் எரிந்தாலும் டிஸ்க் இரண்டையும் எந்த லினக்ஸ் பெட்டியில் செருகினாலும் திறக்கும். அங்கேயே நில்லுங்கள்.


மூதூர்_வயல்காரன், இரவு 11.40

கிண்ணியா நானா சொன்னது சரி, ஆனால் அந்த ஈஎஃப்ஐ பிரிவையும் மிரர் ஆக்கலாம், நான் என் மெஷினில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இரண்டு சிறு பிரிவையும் சேர்த்து எம்டி1 என்று இன்னொரு ரெய்ட் 1 செய்கிறபோது மெட்டாடேட்டா (ரெய்ட் தன்னைப் பற்றி எழுதி வைக்கும் குறிப்பு) 1.0 என்று கொடுக்க வேண்டும். வழக்கமாக வருவது 1.2, அது தன் குறிப்பைப் பிரிவின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் எழுதிவிடும், மதர்போர்டுக்கு அது ஃபேட்டாகத் தெரியாது. 1.0 தன் குறிப்பைக் கடைசியில் எழுதுவதால் முன்பக்கம் பார்த்தால் சாதாரண ஃபேட்32 போலவே இருக்கும், மதர்போர்டும் ஏமாந்து வாசித்துவிடும். ஃபெடோரா, ரெட்ஹேட் நிறுவியிலேயே இதற்கு வழி இருக்கிறது, புதிதாக ஒருவர் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. க்ரப் ஒரு இடத்தில் எழுதினால் போதும், இரண்டுக்கும் போய்விடும்.


சீனக்குடா_07, காலை 6.15

மூதூர் அண்ணா, அது ஓடும், மறுக்கவில்லை. எனக்குப் பயம் ஒன்றுதான். லினக்ஸ் எழும்பும் முன் மதர்போர்டே அந்தப் பிரிவில் ஏதாவது எழுதினால், பயோஸ் அப்டேட்டை அதில் வைத்துச் செய்தால், ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் எழுதும். எம்டிக்கு அது தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று அது நம்பிக்கொண்டிருக்க, உள்ளே இரண்டும் வேறு வேறாக இருக்கும், ஒரு தடவை இதிலிருந்து வாசிக்கும், மறு தடவை அதிலிருந்து வாசிக்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் தனித்தனியே இரண்டு பிரிவு வைத்து இரண்டிலும் க்ரப் எழுதும் வசதியை உபுண்டுவே கையில் தரும்போது, எதற்கு மிரரை அதன் முதுகுக்குப் பின்னால் ஒருவர் மாற்றக்கூடிய இடத்தில் போடுவது என்பதுதான் என் எண்ணம்.

தங்கச்சி, ஈஎஃப்ஐ பூட் மேனேஜர் கட்டளையை ஒருக்கா ஓட்டிப் பாருங்கள். மதர்போர்டின் நினைவில் என்னென்ன பூட் வரி பதிந்திருக்கிறது என்று காட்டும். உபுண்டு என்று இரண்டு வரி, இரண்டு வேறு பிரிவு அடையாளத்தோடு இருக்க வேண்டும். சில மலிவு போர்டுகள் டிஸ்க்கைக் கழற்றினவுடன் அதற்குரிய வரியையே அழித்துவிடும், திரும்பப் பொருத்தினாலும் வராது. அப்படி நடந்தால் பயப்பட வேண்டாம், அதே கட்டளையால் திரும்பச் சேர்க்கலாம்.


உப்புவெளி_ரோடு, காலை 8.30

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதே வேலை விண்டோஸ் 11இல், கடைக் கணக்கு மென்பொருளுக்காக. போர்டில் ரெய்ட் 1 செய்தாயிற்று, ஆனால் நிறுவியில் டிஸ்க் எதுவுமே காட்டவில்லை, பட்டியல் வெறுமையாக இருக்கிறது. யாருக்காவது தெரியுமா?


சீனக்குடா_07, காலை 9.00

அண்ணா, அது டிரைவர் இல்லாத குறை. உங்கள் போர்டுக்குரிய இன்டெல் ஆர்எஸ்டி (ரெய்ட்) டிரைவரை, போர்டைச் செய்தவர்களின் தளத்தில் எஃப்6 டிரைவர் என்ற பெயரில் தேடி இறக்கி, விரித்து, பென்டிரைவில் போடுங்கள், விரிக்காத இஎக்ஸ்இ கோப்பாகப் போட்டால் நிறுவி எடுக்காது. டிஸ்க் தெரிவுப் பக்கத்தில் 'டிரைவரை ஏற்று' என்பதைக் கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் மிரர் ஒரே டிஸ்க்காக வரும். விண்டோஸ் மட்டும் ஓடும் மெஷினுக்கு போர்ட் ரெய்ட் சரிதான், அங்கே மாற வேண்டாம். மேற்கொண்டு சந்தேகம் என்றால் தனியாகக் கேளுங்கள், இங்கே தங்கச்சியின் விசயம் கலந்துவிடும்.


நெகட்டிவ்_பெட்டி, மறுநாள் மாலை 5.50

எல்லோருக்கும் மிக்க நன்றி. நானா சொன்னபடி திரும்பப் போட்டேன், 'இன்னொரு பூட் சாதனமாகச் சேர்' என்ற வரி உண்மையாகவே அங்கே இருந்தது, முதல் தடவை அது கண்ணில் படவே இல்லை. இடையில் ஒரு தடவை கரண்ட் போனது, ஆனால் சமப்படுத்தல் விட்ட இடத்துக்குக் கிட்டத்திலிருந்து தொடர்ந்தது. பூட் வரிகளும் இரண்டு இருக்கின்றன.

இப்போது முதல் டிஸ்க்கைக் கழற்றிப் போட்டால் கறுப்புத் திரை வரவில்லை, க்ரப் வருகிறது, கர்னல் ஏறுகிறது. அந்த நேரம் கையால் மேசையில் தட்டிவிட்டேன். ஆனால் பாதியில் நின்றுவிட்டது. சிவப்பு நட்சத்திரம் ஒன்று இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஏதோ ஒரு டிஸ்க் அடையாளத்துக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி, 1 நிமிடம் 30 செக்கன் என்று எண்ணியது. முழு நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அவசர நிலை, பராமரிப்புக்கு என்டர் தட்டு என்று வந்து நின்றது. எம்டிஸ்டாட் பார்த்தேன், எம்டி0 ஒற்றைக் காலில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஒரு யூ, ஒரு அடிக்கோடு. மிரர் சரி என்றால் பிறகு எதற்கு அவசர நிலை? டிஸ்க்கைத் திரும்பப் பொருத்தினேன், வழமை போல எழும்பிவிட்டது, ஆனால் எம்டிஸ்டாட்டில் இன்னும் ஒரே யூதான். பொருத்தின பிறகும் ஏன் சேரவில்லை?


கிண்ணியா_இறங்குதுறை, இரவு 7.10

பாதிக்கு மேல் தாண்டிவிட்டீர்கள். மிஞ்சிய இரண்டும் சிறு வேலைதான்.

எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பாருங்கள், எழும்பும்போது எந்தெந்தப் பிரிவை மவுண்ட் செய்ய வேண்டும் என்ற பட்டியல் அது. பூட் கீழ் ஈஎஃப்ஐ என்று ஒரு வரி இருக்கும், அதன் தொடக்கத்தில் உள்ள அடையாளம் முதல் டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பிரிவுடையது. இரண்டு பிரிவில் ஒன்றைத்தான் அங்கே மவுண்ட் செய்ய முடியும், நிறுவி முதலாவதை எழுதிவிட்டது. டிஸ்க்கைக் கழற்றினால் அந்தப் பிரிவு இல்லை. எஃப்எஸ்டேப்பில் எழுதியிருப்பது கட்டாயம் வேண்டும் என்று, லினக்ஸில் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி நினைக்கிறது, 90 செக்கன் பார்த்துவிட்டு அவசர நிலைக்குப் போகிறது. உண்மையில் எழும்பிய பிறகு அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் எதுவும் நிற்காது, க்ரப் அப்டேட்டுக்கு மட்டும்தான் அது வேண்டும். அந்த வரியில் டிஃபால்ட்ஸ் அல்லது யூமாஸ்க் என்று விருப்பங்கள் இருக்கும் இடத்தில் ஒரு காற்புள்ளி போட்டு நோஃபெயில் (இல்லாவிட்டாலும் பரவாயில்லை) என்ற சொல்லைச் சேருங்கள். காத்திருக்கும் நேரத்தையும் குறைக்க வேண்டுமென்றால் அதே இடத்தில் எக்ஸ் சிஸ்டம்டி டிவைஸ் டைம்அவுட் என்ற விருப்பத்தை 10 செக்கனுக்கு வைக்கலாம். ஸ்வாப் (ராம் போதாதபோது பயன்படும் இடம்) தனிப் பிரிவாக ஒரு டிஸ்க்கில் வைத்திருந்தால் அந்த வரியையும் பாருங்கள், உபுண்டு வழக்கமாக ரூட்டுக்குள் கோப்பாகவே வைக்கும் என்பதால் உங்களுக்கு அந்தப் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன்.

பொருத்தின பிறகு சேராதது பிழை இல்லை. நீங்கள் முதல் டிஸ்க் இல்லாமல் எழுப்பியபோது இரண்டாம் டிஸ்க்கில் சில எழுத்துகள் போயிருக்கும், அந்த வித்தியாசம் எம்டிக்குத் தெரியும். பழைய பிரதியைக் கேட்காமல் கொண்டுவந்து சேர்த்தால் எது சரி என்று குழம்பும் என்பதால் உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கிறது. ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் கட்டளையில் ரீ-ஆட் கொடுத்து முதல் டிஸ்க்கின் பெரிய பிரிவைச் சேருங்கள். இவ்வளவு பெரிய மிரரில் எது மாறியது என்று குறித்துவைக்கும் பிட்மேப் தானாகவே போடப்பட்டிருக்கும், அதனால் எட்டு மணித்தியாலம் இல்லை, ஒன்றிரண்டு நிமிடத்தில் முடியும். ரீ-ஆட் மறுத்தால் ஆட் கொடுங்கள், அப்போது முழுதாகச் சமப்படுத்தும்.

இப்போது மிக முக்கியமானது, இதை இரண்டு தடவை வாசியுங்கள். இரண்டு யூவும் வரும் வரை மற்ற டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம். முதலாவதைக் கழற்றி எழுப்பி, உடனே பொருத்தி, சேர்க்காமல் இரண்டாவதைக் கழற்றி எழுப்பினால் இரண்டும் தனித்தனி வழியில் எழுதப்பட்டுவிடும், அதன் பிறகு ஒன்றை அழித்துத்தான் மற்றதோடு சேர்க்க முடியும். வெறும் டிஸ்க்கில் இது பெரிதில்லை. படங்கள் ஏறின பிறகு நடந்தால், ஒரு டிஸ்க்கில் மட்டும் இருந்த அன்றைய ஸ்கேன்கள் போய்விடும்.

இன்னொன்று. எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்களை நம்பி வேலை செய்ய வேண்டாம். ஒரு டிஸ்க்கைக் கழற்றினவுடன் மற்றது எஸ்டிஏ ஆகிவிடலாம். டிஸ்க்கின் ஸ்டிக்கரில் இருக்கும் தொடர் எண்ணின் கடைசி நாலு எழுத்தைப் பிளாஸ்டரில் எழுதி, பெட்டியைத் திறந்தால் தெரிகிற பக்க விளிம்பில் ஒட்டி வையுங்கள். ஒரு நாள் டிஸ்க் உண்மையாகவே செத்து, நல்லதைக் கழற்றி வீசாமல் இருக்க அந்தத் துண்டுதான் உதவும்.


வெள்ளைமணல்_கரை, இரவு 9.25

பிள்ளை, வாசித்துக்கொண்டு வந்தேன். மிரர் விசயத்தை மற்றவர்கள் வடிவாகச் சொல்லிவிட்டார்கள், நான் மிரர் ஓடத் தொடங்கிய பிறகு வருவதைச் சொல்கிறேன்.

ஒரு டியூசன் நிலையத்தில் நான் வைத்த சேர்வர் எட்டு மாதம் ஒரே டிஸ்க்கில் ஓடியிருக்கிறது, யாருக்கும் தெரியாது. ஒன்று விழுந்தும் எல்லாம் வழமை போல வேலை செய்கிறதல்லவா, அதுதான் மிரரின் ஆபத்து. இரண்டாவதும் விழுந்த அன்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளின் மூன்று வருட மார்க் போனது, அதை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கும். எம்டிஅட்ம் கான்ஃபிக் கோப்பில் மெயில் முகவரி கொடுக்கும் ஒரு வரி இருக்கிறது, அதை நிரப்பி, மெயில் போகிறதா என்று டெஸ்ட் விருப்பத்தோடு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மெயில் போக வழி இல்லை என்றால் தம்பியை ஒவ்வொரு திங்கட்கிழமையும் எம்டிஸ்டாட் பார்க்கச் சொல்லுங்கள், சுவரில் கலண்டர் இருக்கும்தானே, அதில் குறிக்கட்டும்.

இரண்டாவது, நம்முடைய காற்று. ஸ்டூடியோ கடலுக்கு எவ்வளவு தூரம் என்று தெரியாது, என் வீட்டில் ஜன்னல் ஓரம் வைத்த மெஷினில் சாட்டா வயரின் முனை ஒரு வருடத்தில் பொன் நிறம் மங்கிக் கறுத்துப் போய்விட்டது. டிஸ்க் அடிக்கடி மிரரிலிருந்து விழுந்தது, இரண்டு தடவை புது டிஸ்க் வாங்கப் போய்விட்டுத் திரும்பினேன். டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண் வரி, யூடிஎம்ஏ சிஆர்சி பிழை என்பது, ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க் இல்லை, வயர் அல்லது அதன் பொருத்து. 5ஆம், 197ஆம் எண் ஏறினால் டிஸ்க்கின் தட்டே பழுதாகத் தொடங்கியிருக்கிறது. வயரை மாற்றினேன், பெட்டியை உள்ளறைக்கு மாற்றினேன், அதன் பிறகு அந்த டிஸ்க் இன்றும் ஓடுகிறது.

மூன்றாவது, சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் ஒரு இடம் வாசிக்க முடியாதபோது நிமிடக்கணக்கில் விடாமல் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் 30 செக்கன்தான் பொறுக்கும், பிறகு டிஸ்க்கையே ரீசெட் செய்து, அதன் பின் டிஸ்க் மிரரிலிருந்து விழுந்துவிடலாம், ஒரு சின்ன இடத்தின் பழுதுக்காக. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்சிடி ஈஆர்சியை (டிஸ்க் விடாமல் முயலும் நேரத்தின் எல்லை, பத்தில் ஒரு செக்கன் கணக்கில்) 70, 70 என்று வைத்தால் டிஸ்க் 7 செக்கனில் கைவிட்டு, மிரரின் மற்றப் பக்கத்திலிருந்து எடுக்க விடும். மெஷின் அணைந்தால் பல டிஸ்க்குகளில் அது மறந்துபோகும், தொடக்கத்திலேயே ஓடும்படி போட வேண்டும். உங்கள் டிஸ்க் அதை ஏற்கவில்லை என்றால் லினக்ஸ் பொறுக்கும் நேரத்தை 180 செக்கனாக உயர்த்துங்கள்.

கடைசியாக, கோபிக்க வேண்டாம். நீங்கள் இருவரில் ஒருவர் தவறிப்போய் ஒரு ஃபோல்டரை அழித்தால், மிரர் அந்த அழிப்பையும் அதே நொடியில் இரண்டிலும் செய்யும். இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், ஒரே அறையில், ஒரே ஊரில் இருக்கின்றன. மற்ற ஊர்க்காரருக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும், உங்களுக்கு வேண்டாம். அந்த நெகட்டிவ் பெட்டிகள் கீழ்த்தளத்தில் இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கேள்வியே இல்லை. மூன்றாவதாக ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, கடலில்லாத ஊரில் உறவுக்காரர் யாராவது இருந்தால் அங்கே வையுங்கள்.


நெகட்டிவ்_பெட்டி, இரண்டு நாள் கழித்து, இரவு 8.40

எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது, வரிசையாகச் சொல்கிறேன், பிறகு வருகிறவர்களுக்கும் உதவும்.

நோஃபெயில் சேர்த்தேன், டைம்அவுட் 10 செக்கன். ரீ-ஆட் கொடுத்ததும் இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு யூவும் வந்தன. முதல் டிஸ்க்கைக் கழற்றிப் போட்டேன், சிவப்பு நட்சத்திரம் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு லொகின் வந்தது. பொருத்தி, சேர்த்து, இரண்டு யூவும் வரும் வரை இருந்து, பிறகு இரண்டாவதைக் கழற்றிப் போட்டேன், அதுவும் வந்தது. திரும்பவும் சேர்த்தேன். சீனக்குடா அண்ணா சொன்னது போல, ஒரு தடவை பொருத்தின பிறகு பூட் வரி ஒன்று காணாமல் போயிருந்தது, பூட் மேனேஜர் கட்டளையால் திரும்பச் சேர்த்தேன், எந்தப் பிரிவு என்று கொடுக்கும்போது மட்டும் கவனம் தேவை.

தொடர் எண் துண்டு இரண்டிலும் ஒட்டியாயிற்று. 199ஆம் வரி இரண்டிலும் பூச்சியம். ஈஆர்சியை ஒரு டிஸ்க் ஏற்றது, மற்றது ஏற்கவில்லை, அதற்கு 180 வைத்தேன். மெயில் இன்னும் சரிவரவில்லை, அதுவரை தம்பி திங்கட்கிழமை பார்ப்பான். பெட்டியை முன் அறையிலிருந்து மேல்மாடிக்கு, நெகட்டிவ் பெட்டிகள் இருக்கும் அறைக்கே ஏற்றிவிட்டோம்.

வெள்ளைமணல் ஐயா, கோபம் ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை, பிறகு வவுனியாவில் சின்னம்மா வீடு இருக்கிறதுதானே என்றார். பழைய டவரிலிருந்து கழற்றிய 2 டெராபைட் டிஸ்க் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது, 1.3 அதற்குள் அடங்கும். படங்கள் இப்போது எம்டி0க்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. முடிந்ததும் பிரதி எடுத்து, துவாயில் சுற்றி, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நானே கொண்டுபோகிறேன்.